ஒன்பது பத்துக்கு உதித்த சூரியன்

போன பொங்கலுக்கு எனக்குச் சூரியன் காலை ஒன்பது பத்துக்கு உதித்தது.

சிங்கப்பூரில் அன்றைக்கு ஏழு பத்துக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது என்பது வேறு விஷயம். அந்த நேரத்தில் நான் மருத்துவமனை ஆய்வகத்தில் யாரோ ஒருவருடைய ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரவுப் பணி எட்டு மணிக்கு முடிந்தது. ரயிலைப் பிடித்து, இறங்கி நடந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போது எட்டே முக்கால். பொங்கல் வைக்கச் சூரியன் உதிக்கிற நேரம்தான் நல்ல நேரம் என்று வளர்ந்தவள். அப்புறம் எப்படி? அதற்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தை மாதம் ஒண்ணாம் தேதி தென்காசியில் சூரியன் உதிப்பது ஆறு நாற்பது வாக்கில். இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் இங்கே ஒன்பது பத்து. எங்கள் தெருவில் வெயில் விழும்போது என் பானை பொங்கினால் போதும். எந்த ஊர்ச் சூரியனுக்குப் பொங்குகிறோம் என்பதைப் பொங்குகிறவள்தானே முடிவு செய்ய வேண்டும்?

இன்னொரு சமாதானமும் உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரமே கொஞ்சம் பொய் சொல்லும். உலகப் படத்தில் இந்த ஊர் இருக்கிற இடத்துக்கு நியாயமாக இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் முந்தி இருக்கணும். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். அதனால்தான் இங்கே ஏழு மணிக்கும் விடியாமல் கிடக்கிறது. ஒரு நாடே சூரியனை வசதிக்கு நகர்த்திக்கொள்ளும்போது, இரவுப் பணி பார்க்கிற ஒருத்தி ஒரே ஒரு நாள் நகர்த்திக்கொள்ளக் கூடாதா?

பொங்கலுக்கு இங்கே விடுமுறை கிடையாது. தீபாவளிக்கு உண்டு. பொங்கலுக்கு வேண்டுமென்றால் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். சீனப் புத்தாண்டு அடுத்தாற்போல் வருவதால், ஜனவரியில் லீவு கேட்டால் எல்லாரும் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் கேட்பதில்லை.

சரி, ஊர்ப் பொங்கலைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கம் பொங்கல் வீட்டுக்குள்ளே வைப்பதில்லை. வாசலில்தான். முந்தின நாளே தெருவை அடைத்துக் கோலம் போட்டாயிற்று. பொங்கக்கட்டி என்று மூன்று மண் கட்டிகள், வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தவை, பரணிலிருந்து இறங்கும். ஆச்சி இருந்தவரை அந்தக் கட்டிகளை அவளே மண் பிசைந்து செய்து காயவைப்பாள். பானை தேன்பொத்தையிலிருந்து வரும். செங்கோட்டை போகிற வழியில் இருக்கிற ஊர், மண்பாண்டத்துக்குப் பேர்போனது. எரிக்கக் காய்ந்த பனையோலை. விறகு வைத்தால் நிதானமாக எரியும். ஓலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொத்தென்று பிடித்து, சடசடவென்று எரிந்து, உட்கார்ந்திருக்கிறவள் கையை எடுக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கணும். அந்த வேலை எனக்கு. நாலரை மணிக்கு எழுப்பி, தலையில் தண்ணீரை ஊற்றி, மார்கழிப் பனி விடாத வாசலில் உட்காரவைத்து ஓலை தள்ளச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? புகை கண்ணுக்குள்ளே போகும். புதுப் பாவாடையில் பொறி விழுந்து ஓட்டை விழும். 'ஏட்டி, தூங்கிராத, ஓலையத் தள்ளு' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வயதில் எனக்குத் தீபாவளிதான் பண்டிகை. பொங்கல் என்றால் வேலை.

பானை பொங்கும்போது பெண்கள் எல்லாரும் குலவை விடுவார்கள். ஒரு வீட்டுக் குலவை முடியும் முன்னே அடுத்த வீட்டில் தொடங்கும். எந்தத் திசையில் பொங்கி வழிந்தது என்று பார்த்துவிட்டுத்தான் ஆச்சி நிமிர்வாள்.

இங்கே கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பொங்கல் என்றால் என்ன என்று விளக்கும்போது 'அறுவடைத் திருநாள்' என்று சொல்லிவிடுவேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் மனசுக்குள் ஒரு உறுத்தல் வரும். ஏனென்றால் தை ஒண்ணாம் தேதி எங்கள் வயலில் நெல் பச்சையாக நிற்கும்.

நிஜம். எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு இரண்டு போகம். குற்றாலச் சீசன் தண்ணீர் சிற்றாற்றில் இறங்கி வரும்போது கார் நடுவார்கள். சீசனில் வெளியூர்க்காரர்களுக்குக் குளியல், எங்களுக்குக் கார் நெல். அது புரட்டாசி வாக்கில் அறுப்பாகிவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் பெருகினால் பிசானம். அது அறுப்புக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும். தையில் போய் வயலைப் பார்த்தால் நடவுப் பயிர் தூர் கட்டி முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். புதுநெல்லைக் குத்திப் பொங்குவது தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சரியாக வரலாம். எங்களுக்குக் கடைப் பச்சரிசிதான். கரும்புகூட வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும்.

அப்படியானால் எங்கள் பொங்கலுக்கு எங்கள் மண்ணிலிருந்து வருவது என்ன? கிழங்கு. இதை நான் வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். தையில் எங்கள் ஊரில் அறுவடைக்கு வருவது மண்ணுக்கு மேலே இல்லை, கீழே. பாவூர்சத்திரம், கடையம் பக்கத்துச் செம்மண்ணில் சிறுகிழங்கு. பாத்தி கட்டிப் பனங்கொட்டையைப் புதைத்துவைத்தால் மூன்று நாலு மாதத்தில் பனங்கிழங்கு. மஞ்சளைக் குலையோடு பிடுங்குவதும் இப்போதுதான். சேனை, சேம்பு, வள்ளி எல்லாம் சந்தையில் மலையாகக் கிடக்கும். பொங்கல் அன்று இலையில் பச்சரிசிப் பொங்கலும், பக்கத்திலே எல்லாக் கிழங்கும் நாட்டுக்காயும் போட்ட குழம்பும்தான் மரியாதை. சர்க்கரைப் பொங்கல் அதற்கு அப்புறம். வாசலில் திருவிளக்குக்கு முன்னால் வாழையிலையில் கிழங்குகளை மண்ணோடு பரப்பிவைத்துச் சூரியனுக்குக் காட்டுவோம். மண்ணுக்குள்ளேயே கிடந்ததை எடுத்து வெயிலுக்குக் காட்டுகிற பண்டிகை அது.

இதில் சிறுகிழங்கு தனி ராஜ்யம். அதைத் தின்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தின்னாதவர்களுக்கு: சுண்டுவிரல் பருமனில் இருந்து எலுமிச்சம்பழ அளவு வரைக்கும், கறுப்புத் தோல், உள்ளே வெள்ளை, அவித்தால் உருளைக்கிழங்குக்கும் கடலைக்கும் நடுவிலே ஒரு ருசி. துளசிக் குடும்பத்துச் செடி; இலையைப் பார்த்தால் கற்பூரவள்ளியின் தங்கச்சி மாதிரி இருக்கும். கேரளாவில் இதையே கூர்க்க என்பார்கள். எங்கள் பக்கம் தோண்டுவதில் பெரும்பங்கு எல்லை தாண்டி அங்கேதான் போகிறது. இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று படித்தபோது கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. எங்கள் பண்டிகைக்கே உரிய கிழங்கு என்று நான் பெருமை பேசிய சாமானும் எங்கிருந்தோ வந்து குடியேறியதுதான்.

அதைத் தோல் எடுப்பதுதான் கொடுமை. கத்தி வைத்தால் பாதிக் கிழங்கு போய்விடும். கோணிச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, கருங்கல் தரையில் வைத்துப் புரட்டிப் புரட்டித் தேய்க்கணும். தேய்த்த கை இரண்டு நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் போனால், யார் வீட்டில் பிள்ளைகளிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சிங்கப்பூரில் முதல் பொங்கல். வந்து நாலு மாதம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் சர்க்கரைப் பொங்கல் பொட்டலம் வாங்கி, அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, போனில் தெருக்காரர்கள் போட்ட ஸ்டேட்டஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தின்றேன். அதில் முந்திரி நிறைய இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் வருஷம் வீறாப்பாகக் கிளம்பினேன். பொங்கல் சமயத்தில் கேம்பல் லேன் பக்கம் போனால் மண்பானை, மஞ்சள் குலை, கரும்பு, தோரணம் எல்லாம் குவிந்து கிடக்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் தெருவில் நடந்தாலே மூச்சு சீராகும். பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டைக்கூடக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். மாட்டைப் பார்க்க வரிசை! நானும் வரிசையில் நின்று பார்த்தேன், வெட்கம் என்ன. அங்கேதான் ஒரு பானை வாங்கினேன். வாங்கி வந்த பிறகுதான் ஒரு சட்டச் சிக்கல் நினைவுக்கு வந்தது. நான் இருப்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் ஒரு வாடகை அறை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது: லைட் குக்கிங் மட்டும். இங்கே அறை தேடியவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் கனம் தெரியும். நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது. பானையில் பாலை ஊற்றி, அது வேண்டுமென்றே பொங்கி அடுப்பு முழுக்க வழிய வேண்டும் என்பது எந்த வகைச் சமையல் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா எழுபது தாண்டிய சீனப் பாட்டி. நான் ஆன்ட்டி என்பேன். கேட்டேன். 'ஸ்மெல்லா?' என்றார். 'இல்லை, அரிசியும் பாலும்தான்' என்றேன். சரி என்றார். பொங்கல் அன்று காலையில் அடுப்பைப் பற்றவைத்து ஐந்தாவது நிமிஷத்தில் பானை கீழே விரிசல் விட்டு, பால் முழுவதும் பர்னரில் இறங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, 'பானையப் பழக்குனியா?' புதுப் பானையில் வடிகஞ்சி ஊற்றிவைத்து, கொதிக்கவைத்து, இரண்டு மூன்று தடவை பழக்கிய பிறகுதான் பெரிய நெருப்பில் ஏற்றணும். இருபத்து மூன்று பொங்கல் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் அடுப்படியில் அந்தப் பானை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அடுப்பை நான் தேய்க்க, ஆன்ட்டி பக்கத்தில் நின்று வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு 'லைட்' என்ற வார்த்தையை அவர் உச்சரிக்கும் விதத்தில் ஒரு அழுத்தம் வந்துவிட்டது.

மூன்றாம் வருஷத்துக்குத்தான் கிழங்கைத் தேடிப் புறப்பட்டேன். ஏன் அப்படி ஒரு பைத்தியம் பிடித்தது என்று தெரியாது. பானை சரியாக இருந்தாலும் இலையில் சிறுகிழங்கு இல்லையென்றால் அது வேறு யார் வீட்டுப் பொங்கலோ என்கிற எண்ணம் வந்துவிட்டது. தேக்கா சந்தையில் கேட்டேன். சேனை இருக்கிறது, கருணை இருக்கிறது, வள்ளி இருக்கிறது. சிறுகிழங்கு என்றால் சேம்பை எடுத்துக் காட்டினார்கள். ஒரு கடைக்காரர் தோல் சீவி உறையவைத்த கூர்க்கப் பொட்டலத்தை நீட்டினார். மண்ணும் இல்லை, தோலும் இல்லை. எதைச் சூரியனுக்குக் காட்டுவது?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: 'புள்ள எந்த ஊரு? நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே.'

தலையில் முக்காடு, கையில் தள்ளுவண்டிப் பை, வயது எண்பதுக்குப் பக்கம். தென்காசி என்றேன். எங்க அத்தா தென்காசிதான் என்றார். அந்தம்மா பிறந்தது சிங்கப்பூரில். ஊருக்குப் போனது இரண்டே தடவை. ஆனால் பேச்சு அப்படியே எங்கள் ஆச்சி பேச்சு. எங்கள் தலைமுறை தொலைக்காட்சியைப் பார்த்துத் தேய்த்துவிட்ட இழுவை எல்லாம் அவர் நாக்கில் அலுங்காமல் இருந்தது.

தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் சிங்கப்பூர் புதிய ஊர் இல்லை என்பதை அன்றைக்குத்தான் நான் சரியாகக் கேட்டேன். போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் கப்பலேறி வந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த பெரும்பாலோர் ஆண்கள் மட்டும் வந்து சம்பாதித்துத் திரும்பினார்கள். இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். தஞ்சோங் பகார் பக்கம் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். குழம்புக்கு இத்தனை, மீனுக்கு இத்தனை என்று கேட்கிறவர்களுக்கு உருண்டை உருண்டையாக எடுத்துக் கொடுப்பார்களாம். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1946-இல் அவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார்கள். உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கு மாறிக்கொண்டே போக, 1982-இல் அது மூடப்பட்டது. பெயர் இப்போது உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் இருக்கிறது. தெலுக் ஆயர் பக்கத்தில் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு தெருவே உண்டு. அந்தத் தெருவில் ஒரு மதியம் போய் நின்று பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். 'நம்ம கடையநல்லூரா? பஸ் எத்தனை மணிக்கு?' என்று பதில் வந்தது.

நான் மூன்று வருஷமாக இந்த ஊரில் எங்கள் ஊரையே முதல் ஆளாகக் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி அலட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னே நூறு வருஷமாக இங்கே எங்கள் பக்கத்துப் பெண்கள் அம்மி அரைத்திருக்கிறார்கள்.

அந்தம்மா என் பையைப் பார்த்துவிட்டு, 'என்ன தேடுத?' என்றார். சொன்னேன். சிரித்தார். 'இங்கன கெடைக்காது. கேலாங் செராய் சந்தைக்குப் போ. மலாய்க்காரங்க கடையில உபி கெமிலின்னு கேளு. நோன்பு நாள்ல நெறைய வரும். மத்த நாள்ல வந்தா உண்டு, வராட்டி இல்ல.'

போனேன். முதல் நாள் இல்லை. மறுநாள் இரவுப் பணிக்குப் போகும் முன் போனேன், இல்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கடையில், ஒரு மூங்கில் தட்டில், மண் ஒட்டிக்கொண்டு, கறுப்பாக, கொஞ்சம் நீளமாக. எடுத்து மோந்து பார்த்தேன். அதேதான். மலேசியாவில் கிளந்தான் பக்கம் விரும்பித் தின்பார்களாம், உப்புப் போட்டு அவித்து. கடைக்காரர் அரைக் கிலோ போதுமா என்றார். ஒன்றரைக் கிலோ வாங்கினேன். ஒரு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ சிறுகிழங்கு என்றால் எங்கள் ஊரில் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

தோல் எடுக்கச் சாக்கு வேண்டுமே. சாக்கு எங்கே? பழைய தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, குளியலறைத் தரையில் வைத்துத் தேய்த்தேன். எங்கள் வீட்டுக் கருங்கல் தரைக்குப் பதில் இங்கே வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். வேலை சுத்தமாக நடந்தது. ஆன்ட்டி கதவோரம் வந்து நின்றார். குளியலறையில் உட்கார்ந்து தலையணையை அடித்துக்கொண்டிருக்கிற வாடகைக்காரியைப் பார்க்க அவருக்கு என்ன தோன்றியிருக்கும்! அவிழ்த்துக் காட்டினேன். ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். 'டூ மச் வொர்க்' என்றார். அது ரொம்பச் சரி.

மறுநாள் ஆய்வகத்தில் கையுறை மாட்டும்போது பார்த்தேன், பத்து விரலும் கறுப்பு. மேலதிகாரி என்ன ரசாயனம் சிந்தியது, எழுதிவைத்தாயா என்று பதறிப்போய்க் கேட்டார். கிழங்கு என்று விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

ஊரிலிருந்து ஒரு பொட்டலமும் வந்திருந்தது. திருவனந்தபுரம் வழியாக விமானம் ஏறிய அண்ணனின் நண்பர் கையில் அம்மா கொடுத்துவிட்டாள்: பனங்கிழங்கு ஒரு கட்டு, மஞ்சள் குலையில் கிழங்கு மட்டும், ஒரு கிலோ வெல்லம். எங்கள் பக்கம் பொங்கப்படி என்று ஒன்று உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு அரிசி, காய், கரும்பு, பாத்திரம் என்று வரிசை கொண்டுபோவது. 'கல்யாணம் ஆகாதவளுக்குப் பொங்கப்படி அனுப்புன மொத ஆளு நாந்தான்' என்று அம்மா போனில் சொன்னாள். அதற்குள்ளே இருக்கிற குத்தலை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆக, ஒன்பது மணி. பழக்கிய பானை, கழுத்தில் மஞ்சள் குலை. சமையலறை ஜன்னல் கிழக்குப் பக்கம் இல்லை. எதிர் புளோக்கின் துணி காயும் கம்புகள்தான் தெரியும். போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்தேன். திரையில் எங்கள் வாசல். கோலம், கட்டி, பானை, ஓலைப் புகை. அம்மா புகைக்குள்ளே பாதிதான் தெரிந்தாள். இங்கே கேஸ் அடுப்பு என்பதால் என் பானை முந்திக்கொண்டது. 'கொறச்சு வை, கொறச்சு வை, இங்க இன்னும் கூடல' என்று அம்மா கத்தினாள். குறைத்தேன். இரண்டு நாட்டுப் பானைகளையும் ஒரே நேரத்தில் பொங்கவைப்பது ஆய்வகத்தில் எந்தக் கருவியையும் ஒத்திசைப்பதைவிடக் கஷ்டம். கடைசியில் அங்கே தெற்கே வழிந்தது, இங்கே எந்தத் திசை என்று பார்ப்பதற்குள் அடுப்பைத் துடைக்கும் துணியைத் தேடி ஓடிவிட்டேன். திரையில் அத்தை, சித்தி, மதினி எல்லாரும் குலவை விட்டார்கள். நானும் விட்டேன். மூன்று வருஷமாக விடாத குலவை. பாதியில் இருமல் வந்துவிட்டது.

அறைக்கதவு திறந்தது. ஆன்ட்டி. குலவைச் சத்தத்தில் பயந்துபோய் வந்திருந்தார். சமாதானம் சொல்லி உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவர் பார்வை மூலையில் சாத்தியிருந்த கரும்பின் மேல் போயிற்று. 'உங்களுக்குமா கரும்பு?' என்றார். அவர் ஹொக்கியன். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தின ராத்திரி அவர்கள் விண்ணரசருக்குக் கரும்பு வைத்துக் கும்பிடுவார்கள். முன்னொரு காலத்தில் படைக்குப் பயந்து ஓடிய தங்கள் ஆட்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்ததாகச் சொன்னார். எங்களுக்கு அப்படி ஓடி ஒளிந்த கதையெல்லாம் இல்லை, இனிக்கும் என்று வைக்கிறோம் என்றேன். சிறுகிழங்கை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

மறுநாள் கரிநாள். ஊரில் அன்றைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போவோம். வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்றால் ஆனி, ஆடிச் சாரல். கார்த்திகை முதல் மகரஜோதி வரைக்கும் ஐயப்பமார் கூட்டம். பேரருவியில் கறுப்பு வேட்டி தவிர எதுவும் தெரியாது. தை இரண்டு, மூன்றில் அந்தக் கூட்டம் கரைந்துபோக, குற்றாலம் எங்கள் கைக்குத் திரும்பி வரும். தண்ணீர் மெலிசாகத்தான் விழும். அதுவே நல்லது, சின்னப் பிள்ளைகளைத் தைரியமாக நிறுத்தலாம். பேரருவி நேரே கீழே விழுவதில்லை. நடுப்பாறையில் ஒரு ஆழமான குழியில் விழுந்து, அது நிரம்பிப் பொங்கி, அப்புறம்தான் நம் தலைக்கு வரும். அந்தக் குழிக்குப் பொங்குமாங்கடல் என்று பேர். அண்ணாந்து அதைக் காட்டி, 'அங்க தினமும் பொங்கல்' என்று தாத்தா சொல்வார். எல்லா வருஷமும் சொல்வார். எல்லா வருஷமும் நாங்கள் சிரிக்கணும்.

இங்கே கரிநாளுக்கு எனக்குப் பணி ஓய்வு. நானும் இரண்டு தோழிகளும் புளியோதரை கட்டிக்கொண்டு ஜுவல் சாங்கிக்குப் போனோம். விமான நிலையத்துக்குள்ளே கண்ணாடிக் கூரையிலிருந்து நாற்பது மீட்டர் இறங்குகிற அருவி, 2019-இல் திறந்தார்கள். கட்டடத்துக்குள் இருக்கிற அருவிகளில் உலகத்திலேயே உயரமானது. பார்க்க அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சொட்டு மேலே படாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கலாம். எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை, ஈரத் துண்டு இல்லை, நேந்திரங்காய் சிப்ஸ் வாசம் இல்லை, 'பெண்கள் பக்கம் போங்கம்மா' என்று விசில் ஊதுகிற போலீஸ் இல்லை. தென்காசியில் பிறந்தவளுக்கு, குளிக்க முடியாத அருவியைக் கட்டினவர்கள் மேல் ஒரு இரக்கமே வந்தது. சட்டென்று அருவி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார்கள். குற்றாலத்தில் அருவிக்குத் தடை போடுவதென்றால் வெள்ளம் வந்தால்தான். அப்போதும் மனுஷனைத்தான் நிறுத்துவார்கள், தண்ணீரை இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையையும் மிச்சக் கிழங்கையும் தின்றுவிட்டு வந்தோம்.

சிறுவீட்டுப் பொங்கல் மட்டும் இங்கே வைக்க வழி தெரியவில்லை. மார்கழி முழுக்கக் காலையில் வாசலில் சாணிப் பிடியில் பூசணிப் பூ செருகிவைத்து, அதையெல்லாம் வரட்டியாகத் தட்டிச் சேர்த்து, தையில் பெண் பிள்ளைகள் வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதற்கு முன்னால் தனியாகப் பொங்கி, வரட்டிகளைச் சூடம் ஏற்றிச் சிற்றாற்றில் விடுவோம். நாங்கள் யானைப்பாலத்துக்குப் போவோம். யாருடையது அணையாமல் தூரம் போகிறது என்று போட்டி. சாணி, பூசணிப் பூ, ஆறு, கூட நாலு பிள்ளைகள்: எதை எங்கே வாங்குவது?

பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து மதினியோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னாள். 'இந்த வருஷம் உள்ளயே கேஸ்ல முடிச்சிரலாம்னுதான் இருந்தோம். அத்தைக்கு முட்டு வலி, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. தெருவுலயும் பாதி வீட்டுல இப்ப உள்ளதான். கிழங்குகூடத் தோல் எடுத்தே சந்தையில விக்காங்க. நீ போன்ல பாப்பேன்னுதான் கட்டிய எடுத்து வெளிய வச்சாங்க. ஓலைக்கு உங்கண்ணன் எங்கெல்லாமோ அலைஞ்சு ஒரு கட்டுக் கொண்டு வந்தாக.'

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் இங்கே குளியலறையில் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தது அவர்களைப் பார்த்து. அவர்கள் அங்கே முட்டு வலியோடு ஓலை தள்ளிக்கொண்டிருந்தது என்னைப் பார்த்து.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்து, இதெல்லாம் என்ன, முட்டு வலியோடு எதற்குக் கீழே உட்கார்ந்தாய் என்று சண்டைக்குப் போனேன்.

'அவ கெடக்கா' என்றாள் அம்மா. 'அந்த மலாய்க்காரன் கெழங்க உப்புப் போட்டு அவிச்சியா, போடாம அவிச்சியா? அதச் சொல்லு மொதல்ல.'